சில்லுவின் இரண்டாவது குரல்

“சத்தம் போடாம வாங்க மேடம். எங்க வீட்டுக்காரர் சி ஷிப்ட், ராத்திரி வேலை முடிச்சு இப்பதான் படுத்தார்.”

கதவைத் திறந்த எழில்மதி கிசுகிசுத்தாள். அருள்மொழி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். துப்பறியப் போகும் வீட்டில் பூனை மாதிரி நடப்பது அவளுக்குப் புதிதல்ல. நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். இங்கே பாதிப் பேருக்குப் பகல்தான் ராத்திரி.

“நல்ல வேள, நாம போலீஸ் இல்ல மேடம்” என்றார் பின்னால் வந்த கலியமூர்த்தி. “பூட்ஸக் கழட்டறதுக்குள்ள அவரு அடுத்த ஷிப்டுக்கே கெளம்பிடுவாரு.”

இந்த இருவரைப் பற்றி இரண்டு வார்த்தை. அருள்மொழி ஐம்பதைத் தாண்டியவள். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் விஜிலென்ஸ் பிரிவில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. இந்திரா நகர் வீட்டில் பேச்சுக்குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே டிவியைப் போட்டுவிட்டுச் சமைப்பாள். கலியமூர்த்தி அதே நிறுவனத்தில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி போன பிறகு மந்தாரக்குப்பத்து வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் இவளுடைய பழைய மாருதியை ஓட்ட வந்தார். சம்பளத்துக்கு ஓட்டுகிறார், ஜோக்குக்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை. உண்மையைச் சொன்னால் அருள்மொழி அந்த ஜோக்குகளுக்காகத்தான் அவரை வைத்திருந்தாள். நாள் முழுக்க அவளிடம் பேசுகிற ஒரே ஆள் அவர்.

எழில்மதி அவர்களை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனாள். அரிசி டின்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேஜை, கம்ப்யூட்டர், மைக். சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

“எதிரொலி வராம இருக்க” என்றாள் அவள்.

“எங்க வூட்ல எதிரொலியாச்சும் பேச்சுத் துணைக்கு இருக்குது” என்றார் கலியமூர்த்தி.

எழில்மதி சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருக்கும் என்று அருள்மொழிக்குத் தோன்றியது. மூன்று டம்ளரில் டீ வந்தது. கதை ஆரம்பித்தது.

‘சில்லு’ என்பது எழில்மதி நடத்தும் இணையச் செய்தித்தளம். எந்த போன் சூடாகிறது, எந்த ஆப் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறது, எந்தக் கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறது என்று தொழில்நுட்பச் செய்திகளைத் தமிழில், யாருக்கும் பயப்படாமல் எழுதுவது அதன் வேலை. எழுதுவது, திருத்துவது, படம் போடுவது எல்லாம் அவள் ஒருத்திதான்.

“விளம்பரம் வாங்கறதில்லையா?” என்று கேட்டாள் அருள்மொழி.

“போன் கம்பெனி விளம்பரத்த வாங்கினா, அந்த போன் சூடாகுதுன்னு எழுத முடியாது மேடம். அத எழுதலேன்னா நான் எதுக்கு?”

“அப்ப சோறு?” இது கலியமூர்த்தி.

“படிக்கறவங்க கொடுக்கறதுதான் அங்கிள். மாசத்துக்கு ரெண்டு டீ செலவு.”

கலியமூர்த்தி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். “ஜனங்க டீ குடிக்கறத நிறுத்திட்டாங்க போலருக்குது.”

அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இலவசமாகப் படிக்கிறவர்கள் ஏராளம். காசு கொடுக்கிறவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேரும் கொடுப்பது வாரம் ஒருமுறை வரும் ஒலி நிகழ்ச்சிக்காக. அதில் எழில்மதியும் விஷ்ணு என்பவனும் பேசுவார்கள். விஷ்ணு பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருப்பவன். உள்ளே இருந்துகொண்டே உள்ளதைச் சொல்கிறவன் என்று அவனுக்குப் பேர்.

“நீங்க அவரப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம். ரெண்டு வருஷத்துக்கு மேல பேசறோம். ஒரு தடவகூடப் பாத்ததில்ல.” எழில்மதி சற்று நிறுத்தினாள். “வீட்ல அவர் ஷிப்ட், நான் எழுத்து. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே ஃப்ரிட்ஜ் மேல சீட்டு ஒட்டித்தான். வாரத்துல வாய்விட்டுப் பேசறதுன்னா அது விஷ்ணுகிட்டதான்.”

அருள்மொழிக்கு அது புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்தது.

இப்போது சென்னையில் ஒரு நிறுவனம் சில்லுவில் பணம் போட முன்வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, விஷ்ணுவும் இருக்க வேண்டும். அவனை அவன் ஆபீஸிலேயே வந்து பார்க்கிறோம் என்றார்கள். அதை எழில்மதி சொன்ன நாளிலிருந்து, விஷ்ணு அவளுக்குக் கொடுத்திருந்த நம்பர் அணைந்து கிடக்கிறது. மெயிலுக்குப் பதில் இல்லை. இன்று சாயங்காலம் சென்னைக்காரர்கள் முடிவு கேட்டுப் பேசுவார்கள்.

“அவர் வரலேன்னா?”

“சில்லுவ மூடிடுவேன் மேடம். ஒரு போன் கம்பெனியில விளம்பரம் எழுதற வேலைக்குக் கூப்டிருக்காங்க. ஆமா, அதே சூடாகிற போன்தான்.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பெங்களூர்ல ஒரு விஷ்ணு. அவ்ளோதானே?” என்றார் கலியமூர்த்தி. “என் பையனும் அங்கதான் இருக்கறான். கேட்டுச் சொல்லட்டுமா? ஒரு கோடிப் பேர்ல அவனுக்குத் தெரியாத ஆளா இருக்கப் போவுது?”

“முதல்ல குரலைக் கேப்போம்” என்றாள் அருள்மொழி.

எழில்மதி ஒரு பதிவை ஓடவிட்டாள். அவள் குரலும் ஓர் இளைஞனின் குரலும் மாறி மாறி வந்தன. நிதானமான, லேசான கேலி கலந்த குரல். ஒரு கம்பெனி ஆட்களை நீக்கிய விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று பேச்சு நின்றது. இருவரும் மௌனம். பிறகு விட்ட வார்த்தையிலிருந்து விஷ்ணு தொடர்ந்தான்.

“இந்த நிறுத்தம்?”

“நெட் ஸ்லோவாயிருக்கும் மேடம். அப்பப்ப இப்படி ஆகும்.”

அருள்மொழி கலியமூர்த்தியைப் பார்த்தாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஏற்கனவே ஆறிப்போன டீ.

“வேற பதிவு போடுங்க” என்றாள்.

எழில்மதி மவுஸில் கை வைத்தாள். “இது போன மாசத்து மேடம், இதுல அவரு புதுசா வந்த…”

அந்த நேரத்தில் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். மண்ணை இளக்க மதியத்தில் வைக்கும் வெடிதான். தரை லேசாக அதிர்ந்தது, மேஜை மேல் டம்ளர்கள் கிணுகிணுத்தன. எழில்மதி பேச்சை நிறுத்தி, டம்ளரின் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அதிர்வு அடங்கியதும் கையை எடுத்து, “…கேமராவப் பத்தி நல்லாப் பேசியிருப்பாரு” என்று முடித்தாள்.

“இப்ப என்ன செஞ்சீங்க?” என்றாள் அருள்மொழி.

“ஒண்ணும் செய்யலயே!”

செய்ததே எழில்மதிக்குத் தெரியவில்லை. அருள்மொழி குனிந்து பார்த்தாள். தன் கையும் தன் டம்ளரின் மேல் இருந்தது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு வெடி ஒரு சத்தமே இல்லை. வெளியூர்க்காரன் பதறி எழுந்து ‘என்ன அது?’ என்பான். இங்கே இருப்பவன் பேச்சை நிறுத்துவான், பாத்திரத்தைப் பிடிப்பான், விட்ட இடத்திலிருந்து பேசுவான்.

“அந்த முதல் பதிவ மறுபடி போடும்மா. நிகழ்ச்சிய எப்பப் பேசுவீங்க?”

“சனிக்கிழம மதியம். அவருக்கு லஞ்ச் நேரம்.”

பதிவு ஓடியது. நின்றது. தொடர்ந்தது. அருள்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நெட் ஸ்லோவானா ஒருத்தர் நிப்பார், இன்னொருத்தர் ‘ஹலோ ஹலோ’ன்னு கத்துவார். இதுல ரெண்டு பேரும் சேந்து நிக்கறீங்க, ஒருத்தரும் ஏன்னு கேக்கல. வெடிச் சத்தம் ஏன் பதிவுல இல்ல?”

“பின்னணிச் சத்தத்த எல்லாம் சாஃப்ட்வேர் தொடச்சிடும் மேடம்.”

“சத்தத்தத் தொடைக்கும், மௌனத்தத் தொடைக்காது. எழில்மதி, உங்க விஷ்ணு பெங்களூர்ல இல்ல. நீங்க அதிர்றப்ப அவரும் அதிர்றாரு.”

எழில்மதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெங்களூரில் இருப்பதாக நினைத்து இத்தனை நாள் பேசிய ஆள், நடந்து போகிற தூரத்தில் இருந்திருக்கிறான். அவள் கண்ணில் கோபம் வரும் என்று அருள்மொழி எதிர்பார்த்தாள். வந்தது வேறு ஏதோ.

“வேற என்ன ஞாபகம் இருக்கு? சாஃப்ட்வேர் தொடச்சத எல்லாம் சொல்லுங்க.”

“தும்மல்” என்றாள் எழில்மதி யோசித்து. “நிகழ்ச்சியில தும்மிக்கிட்டே இருப்பார். நான்தான் வெட்டி எடுப்பேன். அப்புறம்… ஒரு தடவ அவருக்குக் கரண்ட் போச்சு. திரும்பி வந்ததும், சாஃப்ட்வேர் தொடைக்க ஆரம்பிக்கறதுக்குள்ள, பின்னாடி கரகரன்னு ஒரு மோட்டார் ஓடுச்சு. பக்கத்துல வேலை நடக்குதுன்னார். கவர்மென்ட் ஆப் பத்தின நிகழ்ச்சி அது, போன மாசம் ரெண்டாவது சனிக்கிழம.”

“அந்த சனிக்கிழம எனக்கு ஞாபகம் இருக்கு. எங்க இந்திரா நகர்லயும் பக்கத்து வடக்குத்து கிராமத்துலயும் மட்டும் ஷட் டவுன். கிரைண்டர்ல மாவு பாதியில நின்னுபோச்சு.” அருள்மொழி எழுந்தாள். “டவுன்ஷிப்ல கரண்ட் போகாது. நாட்டுக்கே வெளிச்சம் போடற ஊரு. வெளக்கடியில இருட்டுங்கற மாதிரி, பக்கத்து கிராமத்துலதான் போகும். கரண்ட் வந்ததும் தானா ஓடற மோட்டார், சனிக்கிழமையானா தும்மல். என்ன இடம் அது?”

கலியமூர்த்தி இன்னும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“மாவு மில்” என்று அவளே சொன்னாள். “மாவும் மிளகாயும் கலக்கக்கூடாதுன்னு மிளகாய் அரைக்க ஒரு நாள் ஒதுக்கியிருப்பாங்க. வடக்குத்துல சனிக்கிழம மிளகாய் அரைக்கற மில்லு. இன்னிக்கும் சனிக்கிழமதான். வாங்க, போவோம்.”

* * *

வண்டி டவுன்ஷிப் சாலையில் போனது. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்கள். வேலைக்குப் போனவர்கள் போக, தூங்குகிறவர்கள் தூங்க, தெருவில் ஆள் இல்லை. கம்பெனி பஸ் ஒன்று காலியாகக் கடந்து போனது.

கலியமூர்த்தி வாய் ஓயவில்லை. பஸ்ஸைப் பார்த்து ஒரு ஜோக், டிவைடரில் படுத்திருந்த மாட்டைப் பார்த்து ஒன்று, அருள்மொழியின் கைப்பையைப் பார்த்து ஒன்று. மாடு பெர்மனென்ட்டாம், அதனால்தான் ஹார்ன் அடித்தாலும் எழுந்திருக்கவில்லையாம். கான்ட்ராக்ட் மாடாக இருந்தால் இந்நேரம் ஓடியிருக்குமாம்.

அருள்மொழி சிரித்தாள். சிரித்து முடித்தபோது வண்டி மந்தாரக்குப்பம் பக்கம் திரும்பியிருந்தது.

“வடக்குத்து அந்தப் பக்கம்.”

“தெரியும் மேடம். எங்க ஊர்ப் பக்கமும் ஒரு மில்லு இருக்குது. சனிக்கெழம மொளகாதான் அரைப்பாங்க. மொதல்ல அதப் பாத்துட்டா…”

“மந்தாரக்குப்பத்துல அன்னிக்குக் கரண்ட் போகல.”

“சரி, ஒரு டீ குடிச்சிட்டுப் போவலாம். அந்தப் பொண்ணு போட்ட டீயில சக்கரையே இல்ல.”

“நீங்க அந்த டீயக் குடிக்கவே இல்லையே, அண்ணே.”

கலியமூர்த்தி கியரை மாற்றினார். வண்டியைத் திருப்பினார். அதன் பிறகு வடக்குத்து வரும் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. அருள்மொழிக்கு அந்த அமைதி சொந்த வீட்டை ஞாபகப்படுத்தியது. காரணம் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம்.

* * *

மில்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே அருள்மொழி தும்மினாள்.

தகரக் கூரை போட்ட மில். உள்ளே கரகரவென்று மோட்டார் ஓடியது. சந்திரா என்ற பெண்மணி தலையிலும் மூக்கிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு மிளகாயைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் படிக்கட்டு, மாடியில் ஒற்றை அறை, அதற்கு ஒரு ஜன்னல்.

“மேல யாருங்க இருக்காங்க?” என்று கத்தினாள் அருள்மொழி.

“ஒரு தம்பி இருக்குதுங்க” என்று சந்திராவும் கத்தினாள். “பெங்களூர் கம்பெனியாம், ரூம்லேருந்தே வேல செய்யுது. தங்கமான தம்பி. ஆனா பாவம், எங்கயும் போவாது, ஆரும் வர மாட்டாங்க. பஜார்ல எதுனா வாங்கணும்னாலும் என்கிட்டதான் சொல்லும். டவுன்ஷிப் பக்கமே தல வெச்சிப் படுக்காது.”

அருள்மொழி படிக்கட்டில் கால் வைத்தாள்.

“மேடம், தட்டாதீங்க.”

கலியமூர்த்தி தெருவிலேயே நின்றுவிட்டார். வெயில் அவர் வழுக்கைத் தலையில் நேராக விழுந்தது. அருள்மொழி இறங்கி வந்து அவர் எதிரே நின்றாள்.

“மாட்டப் பத்தி ஜோக் அடிச்சீங்க, பஸ்ஸப் பத்தி அடிச்சீங்க, என்னையும் விடல. ஆனா அந்தக் குரலக் கேட்டதுலேருந்து விஷ்ணுவப் பத்தி ஒரு ஜோக்கூட வரல. உங்களுக்கு அப்பவே தெரியும்.”

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மாடியில் மணி அடித்தது.

“சொல்லுப்பா. என்னா இந்நேரத்துல?” போனில் வந்தது விஷ்ணுவின் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மாவு மில் ஓடியது.

“சும்மாதான் இனியா. அங்க மழையாமே? டிவில காட்னான்.”

“ஆமாம்பா. நல்ல மழ. ஆபீஸ வுட்டு வெளிய வரவே முடியல.” சொல்லிவிட்டு அவன் தும்மினான். போனிலும் தும்மல் கேட்டது, ஜன்னலிலும் கேட்டது.

கலியமூர்த்தி வெயிலில் நின்றுகொண்டு கண்ணை மூடினார்.

“நனையாத. கொட எடுத்துகினு போ” என்று சொல்லி போனை வைத்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். “மொளகா நெடி மேடம்.”

 இவருக்கு ஒரு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அருள்மொழியின் மனம் அடித்துக்கொண்டது. ஆறுதல் சொல்லிப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவருக்கு வெயில் படாதபடி நகர்ந்து நின்றாள். அவ்வளவுதான் முடிந்தது.

“அந்தப் பொண்ணுகிட்ட ஆளு கெடைக்கலன்னு சொல்லிடுங்க மேடம்” என்றார் அவர். “அவன் என்னக்கி வாயத் தொறந்து சொல்றானோ அன்னக்கி சொல்லட்டும். நான் போய் நின்னா அவன் ஒடஞ்சி போயிடுவான்.”

“சொல்றேன். எழில்மதி கடைய மூடிட்டு விளம்பரம் எழுதப் போயிடும். இவரு மேல தனியா தும்மிக்கிட்டிருப்பாரு. நீங்க மந்தாரக்குப்பத்துல தனியா இருப்பீங்க. நான் இந்திரா நகர்ல. இதுல யாருக்கு என்ன லாபம், அண்ணே?”

அவர் நெடுநேரம் படிக்கட்டையே பார்த்தார். பிறகு அவரே ஏறினார்.

கதவைத் திறந்தவன் மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கீழே லுங்கியும் கட்டியிருந்தான். வீடியோவில் அப்பா கூப்பிட்டால் தெரிகிற அளவுக்கு மட்டும் ஆபீஸ். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

கலியமூர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். “இவ்ளோ மழையில நீ நனையவே இல்லியேடா” என்றார்.

 மகன் தரையில் உட்கார்ந்து அழுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்துக்கொண்டார். அருள்மொழி படிக்கட்டிலேயே நின்றாள். உள்ளே போக அவளுக்கு உறவு இல்லை.

பெங்களூர் வேலை உண்மைதான். நிகழ்ச்சி ஆரம்பித்தபோது இனியன் அங்கேதான் இருந்தான், கம்பெனிக்குத் தெரியாமலிருக்க விஷ்ணு என்ற பேரிலும் வேறொரு நம்பரிலும் பேசினான். சில மாதத்தில் வேலை போனது. அதே சமயத்தில் அம்மாவும் போனாள். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா, ‘பையன் பெங்களூர்ல பெரிய எடத்துல இருக்கறான்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவன் கேட்டான். அந்த ஒரு சந்தோஷத்தையும் எடுத்துவிட மனம் வரவில்லை. ஊரில் யார் கண்ணிலும் படாமல் இங்கே அறை எடுத்தான். பழைய சிநேகிதர்களிடம் விசாரித்துச் செய்தி சேர்த்தான். வாரத்தில் ஒரு நாள் பேசினான். மற்ற நாளெல்லாம் மில் பேசியது.

“எளுந்திரு” என்றார் கலியமூர்த்தி கடைசியில். “பேண்ட்டப் போடு. அந்தப் பொண்ணு காத்துகினு இருக்குது.”

* * *

இனியன் எழில்மதியின் எதிரே போய் நின்றான். அவனே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும் வரை அவள் மைக்கின் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒவ்வொரு செய்திக்கும் உங்கிட்ட ரெண்டு ஆதாரம் கேப்பேன் விஷ்ணு. உன்னப் பத்தி ஒண்ணுகூடக் கேக்கல” என்றாள். “பேசறதுக்கு ஒரு ஆள் கிடைச்சான்னு சும்மா இருந்துட்டேன்.”

“பேரு இனியன்” என்றான் அவன்.

அப்போது சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. எழில்மதி ஸ்பீக்கரில் போட்டாள். வழவழப்பான ஓர் ஆண்குரல் வணக்கம் சொன்னது. அவள் சுற்றி வளைக்காமல் உண்மையைச் சொன்னாள். விஷ்ணு பெங்களூரில் இல்லை, எந்தக் கம்பெனியிலும் இல்லை, பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறான்.

 இதோடு முடிந்தது என்று அருள்மொழி நினைத்தாள். ஆனால் அந்த ஆள் சிரித்தான்.

“அட, இவ்வளவுதானா? அத ஏங்க வெளிய சொல்லிக்கிட்டு? அவர் பெங்களூர்லயே இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது? திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுக்கலாம்.”

இனியன் எழில்மதியைப் பார்த்தான். கலியமூர்த்தி அருள்மொழியைப் பார்த்தார். சில்லுவைக் காப்பாற்ற ஒரே வழி அந்த போனுக்குள் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு வாய் மூடி இருந்தால் போதும்.

“போன் சூடாகறத மறைச்சு எழுதினா என்ன தருவாங்களோ, அதத்தான் நீங்களும் தர்றீங்க சார்” என்றாள் எழில்மதி. “வேண்டாம்.” போனை வைத்துவிட்டாள்.

“பொறுமையா யோசிச்சிருக்கலாம்” என்றான் இனியன்.

“யோசிச்சா ஒத்துக்கிட்டிருப்பேன்.” அவள் இன்னொரு நாற்காலியை மைக் பக்கம் இழுத்தாள். “உக்காரு. இன்னிக்கு எடிட்டிங் கிடையாது, நேரலை. மூடறதா இருந்தா சொல்லிட்டு மூடுவோம்.”

போர்வைகள் தொங்கிய அந்தச் சின்ன அறையில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். இனியன் பேசினான். தன் பேர், தன் ஊர், போன வேலை, சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னான். இடையில் இரண்டு தடவை குரல் உடைந்தது. யாரும் அதை வெட்டி எடுக்கவில்லை.

திரையில் செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தவர், இத்தனை நாள் ஏமாற்றியதற்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதியிருந்தார். அடுத்தவர் சந்தாவை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் ஒரு வசை மட்டும் எழுதியிருந்தார். எழில்மதி ஒவ்வொன்றையும் மைக்கில் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் சிறுத்துக்கொண்டே போனது. அருள்மொழிக்கு அவளைப் பார்க்கவே தாங்கவில்லை. உண்மை சொன்னவளுக்கு இதுதான் கூலி என்றால் தான் கண்டுபிடித்ததே தப்பு என்று நினைத்தாள்.

அப்புறம் திரையில் ஒன்றும் வரவில்லை. மைக் காத்துக்கொண்டிருந்தது. எழில்மதி நிகழ்ச்சியை முடிக்க வாயைத் திறந்தாள்.

அப்போது ஒரு வரி வந்தது. பேர் போடாத வரி. எழில்மதியால் அதை வாசிக்க முடியவில்லை. அருள்மொழிதான் குனிந்து சத்தமாக வாசித்தாள்.

“அண்ணே, நானும் வீட்ல சொன்ன மாதிரி புனேல இல்ல. வேல போயி எட்டு மாசமாவுது. இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்க நிகழ்ச்சிக்கு மட்டும் காசு கட்டிக்கினு இருக்கேன். நிறுத்திடாதீங்க.”

 இனியன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் கீழே இன்னொரு வரி வந்தது, வேறு யாரோ. அதன் கீழே இன்னொன்று.

கலியமூர்த்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகனின் தோளைத் தட்டினார்.

“புனேல இல்லாத அந்த ஆளு எந்த ஊர்ல இருக்கறான்னு கேளுடா” என்றார். “வண்டி வெளியிலதான் நிக்குது.”